மேடையில் சொல்லாத பேர்

என் செல்லத் தம்பி மாரிக்கு,

மறுபடியும் தேர்தல் வந்துவிட்டதடா. ராஜபாளையம் முழுக்க ஆட்டோவில் மைக் கட்டிக்கொண்டு கத்துகிறார்கள். பேண்டேஜ் கம்பெனியில் தறிச் சத்தத்தையும் மீறி அது என் காதில் விழுகிறது. நீ இருந்திருந்தால் இந்நேரம் சோறு தண்ணி இல்லாமல் சுற்றிக்கொண்டிருப்பாய்.

தெரு முக்கில் நின்ற எதிர்க்கட்சிக் கொடியைவிட நம்ம கொடி ஒரு முழமாவது உசரமாகப் பறக்கணும் என்று, கம்பத்தோடு இன்னொரு இரும்புக் குழாயைச் சேர்த்துக் கட்டி நிமிர்த்தினாயே. மேலே கரண்ட் கம்பி போவது உன் கூட நின்ற ஒருத்தனுக்குமா தெரியவில்லை? ஒரு முழத் துணிக்கு உயிரை விட்டாயே, பாவி. அது சாகிற வயசா?

உன்னைத் தியாகி என்றார்கள். அதன்பிறகு தேர்தல் வந்தாலே ஸ்ரீவில்லிபுத்தூர் கூட்டத்தில் உன் பேரைச் சொல்வார்கள், கூட்டம் கை தட்டும். அதைக் கேட்கத்தான் அம்மா உயிரைப் பிடித்துவைத்துக்கொண்டிருந்தாள்.

இந்தத் தடவை, நீ போட்டி போட்டுக் கொடி கட்டிய அந்தக் கட்சியும் நம்ம கட்சியும் கூட்டணி. ரேடியோவில் சொன்னபோது நான் நம்பவில்லை. நேற்றுச் சாயங்காலம் கூட்டத்துக்குப் போனால், ரெண்டு கொடியையும் பக்கத்தில் பக்கத்தில் ஒரே உசரத்துக்குக் கட்டியிருக்கிறார்கள். அம்மா எதையும் கவனிக்காமல் முன்னால் போய் உட்கார்ந்துகொண்டாள்.

ஒவ்வொருவராகப் பேசினார்கள். உன் பேர் வரவில்லை. நன்றியும் சொல்லி முடித்து, ஜமுக்காளத்தைச் சுருட்ட ஆரம்பித்துவிட்டார்கள்.

“எந்திரிம்மா, போவோம்.”

“ஏட்டி, செத்த இரு. இப்பச் சொல்லுவாக.”

அவளை அங்கேயே விட்டுவிட்டு நகரச் செயலாளரிடம் போனேன். வேறு யாருமில்லை, உன்னோடு கொடி கட்டித் திரிந்த கணேசன்தான்.

“என்னலே, என் தம்பி பேரு மறந்துபோச்சா?”

“மறப்பேனாக்கா? அந்தக் கட்சிக்காரவிய மேடையில இருக்கும்போது எப்படிச் சொல்ல? சங்கடமாயிரும்லா.”

செருப்பைக் கழற்றி அடித்திருக்க வேண்டும். அழுகைதான் வந்தது. யாருக்காகடா செத்தாய்?

பஸ்ஸில் அம்மா என் தோளில் சாய்ந்துகொண்டு, “மறந்துட்டாக போல. பாவம், அவியளுக்கும் எம்புட்டு வேலை” என்றாள்.

எனக்கு இனி எவர் மேலும் நம்பிக்கை இல்லை. உனக்கு ஒன்று மட்டும் சத்தியம் செய்து தருகிறேன். கண்ணை மூடும்வரை அம்மா அப்படியே நினைத்துக்கொண்டிருக்கட்டும். அவர்கள் மறக்கவில்லை என்று அவளிடம் நான் சொல்லவே மாட்டேன்.

உன்னை இடுப்பில் தூக்கி வளர்த்த அக்கா,
செல்வி