எடுத்தது எஞ்சின், இதயம் அல்ல

அன்பு மகளுக்கு,

நான் நலமாக இருக்கிறேன். கடிதத்தை இப்படித்தான் தொடங்க வேண்டும் என்பதற்காக எழுதவில்லை, இந்த முறை செய்தியே இதுதான். உன் அம்மாவும் நலம், உன் அத்தையும் நலம், அத்தைக்கு இடது காது மட்டும் முன்பைவிட மந்தம், அதன் விளைவுதான் இந்தக் கடிதம். நேற்று போனில் எவ்வளவு சொல்லியும் நீ நம்பவில்லை, "எல்லாத்தையும் ஒண்ணு விடாம எழுதி அனுப்புங்கப்பா, படிச்சிட்டுத்தான் டிக்கெட்டைக் கேன்சல் பண்றதா வேணாமான்னு பாப்பேன்" என்று சொல்லி வைத்துவிட்டாய். உன்மேல் தப்பில்லை. குடலிறக்க ஆபரேஷனின்போது "எனக்கு ஒன்றுமில்லை, சும்மா களைப்பு" என்று உனக்குச் செய்தி அனுப்பிய என் கையில் சலைன் ஊசி இருந்தது. அப்படிப்பட்டவன் பேச்சுக்கு என்ன மதிப்போ அதைத்தான் நீ கொடுத்தாய். ஆனால் சனிக்கிழமை நீ விமானம் ஏறினால் திங்கட்கிழமை தொடங்கும் பயிற்சி கைவிட்டுப் போகும், மூன்று வருடம் காத்திருந்து வாங்கிய இடம், வரிசையில் உனக்கு அடுத்து நிற்பவர் என் உடல்நிலையை உன்னைவிட அக்கறையாக விசாரித்துக்கொண்டிருப்பார். ஆகவே நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

நம் பழைய காரின் எஞ்சின் போன மாதம் உயிரை விட்டது. மன்னித்துக்கொள், ஓடாமல் நின்றது, அந்த மாதிரிச் சொற்களை இனித் தவிர்க்கிறேன். பின்பக்கம் நசுங்கிய வேறொரு காரிலிருந்து நல்ல எஞ்சின் ஒன்றை நம் மெக்கானிக் கொண்டுவந்தார். எல்லாம் பொருந்தியது, ஏசியைத் தவிர. பழைய எஞ்சினில் ஏசி கம்ப்ரசர் வலது பக்கம், இதில் இடது பக்கம். கம்ப்ரசரிலிருந்து போகும் இரண்டு குழாய்களைத்தான் இவர்கள் லைன் என்கிறார்கள், தடித்தது லோ பிரஷர், மெலிந்தது ஹை பிரஷர், இரண்டுமே வலது பக்கத்துக்கென்று அளவெடுத்தவை, இடது பக்கம் எட்டவில்லை. "லைனைக் கழட்டிக் கடாசிட்டு ஜன்னலை இறக்கிக்கோங்க சார், காத்து தானா வரும்" என்றார் மெக்கானிக். வீட்டில் வந்து சொன்னேன். "அப்ப நான் பஸ்லயே போய்க்கறேன், அதுலயும் ஜன்னல் இருக்கு" என்றாள் உன் அம்மா. அதனால் ஏசிக்காரர் ஒருவரை வரவழைத்தோம். அவருக்கும் மெக்கானிக்குக்கும் பேச்சுவார்த்தை இல்லை, ஒரே பானெட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டு ஒருவரைப் பற்றி ஒருவர் என்னிடம்தான் சொல்வார்கள். "எஞ்சினை எவனோ கண்ணை மூடிக்கிட்டு வெச்சிருக்கான் சார்" என்பார் இவர், "கண்ணைத் தொறந்து பாத்தா எடம் இருக்கறது தெரியும்னு சொல்லுங்க சார்" என்பார் அவர். நான் நடுவில் நின்று தலையாட்டுவேன்.

பழைய லைனின் இரண்டு நுனிகளிலும் உள்ள உலோக மூட்டுகளை மட்டும் வெட்டி வைத்துக்கொண்டு, நடுவில் புது ரப்பர் குழாயைக் கொடுத்து, பிரஸ்ஸில் நசுக்கி இறுக்குவது என்று முடிவானது. புகைக்குழாயின் சூடு படாமல் சுற்றிப் போக வேண்டும், எஞ்சின் குலுங்கும்போது இழுபடாமல் கொஞ்சம் தொய்வும் வேண்டும். போகும் வழியை அளப்பது மட்டும் என் வேலை. உன் அம்மாவின் துணி காயப்போடும் கயிற்றில் ஒரு துண்டு வெட்டிப்போய் இம்மி பிசகாமல் அளந்தேன். நான் அளந்தபோது குழாய் வேலைக்காக எஞ்சினை மறுபடி தூக்கிச் சங்கிலியில் தொங்கவிட்டிருந்தார்கள் என்பதை யாரும் சொல்லவில்லை, நானும் கேட்டுக்கொள்ளவில்லை. அதை இறக்கி உட்கார வைத்ததும் குழாய் நாலு விரற்கடை குறைந்தது. "தொங்குற எஞ்சினுக்குச் சரியான அளவுதான் சார், ஓடுற எஞ்சினுக்கு வேற அளவு வேணும்" என்றார் ஏசிக்காரர், மரியாதையாக. மறுபடி அளக்கக் காருக்கு அடியில் படுத்தவன் முதுகு பிடித்துக்கொண்டு எழ முடியாமல் கிடந்தேன். இரண்டு பேரும் சேர்ந்து தூக்கி ஷெட் பெஞ்சில் கிடத்தினார்கள், அவர்கள் ஒற்றுமையாகச் செய்த ஒரே வேலை அதுதான்.

நேற்று மதியம் வரை அங்கேயே படுத்திருந்தேன். அதற்குள் புது லைன் மாட்டி கேஸ் ஏற்றிவிட்டார்கள். என் போனில் சார்ஜ் இல்லை, சாப்பிட வர நேரமாகும் என்று வீட்டுக்குச் சொல்லிவிடுங்கள் என ஏசிக்காரரிடம் சொன்னேன். மனிதர் அந்த ஒன்றைத் தவிர மற்ற எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார். போனை எடுத்தது உன் அத்தை, அதுவும் இடது காதில், கார் ஷெட்டிலிருந்து என்று அவர் முதலில் சொன்னது விழவே இல்லை. "சார் படுத்திருக்காரும்மா, எந்திரிக்க முடியல. பழசை எடுத்துட்டுப் புதுசு வெச்சாச்சு. லைனை வெட்டி ஒட்டியாச்சு. ஆனா பிரஷர் ஏறிக்கிட்டே போவுது, முந்நூறைத் தாண்டிருச்சு, கேஸு வேற அதிகம்." அத்தை நடுங்கிப்போய் "மூச்சு வருதாப்பா?" என்று கேட்டிருக்கிறாள். ஏசி காற்றைக் கேட்கிறாள் என்று நினைத்து "வருதும்மா, ஆனா சூடா வருது" என்று சொல்லியிருக்கிறார். அத்தை அடுத்த அறையில் இருந்த உன் அம்மாவைக் கூப்பிடவில்லை, கண்டம் தாண்டி உன்னைக் கூப்பிட்டு "கண்ணு, உங்கப்பாவுக்கு இதயத்தையே மாத்திட்டாங்க" என்றாள். நீ பதறி வீடியோவில் வந்தபோது நான் வீட்டுக்கு வந்து கட்டிலில் படுத்திருந்தேன், அது முதுகுக்காக. மார்பில் நீ பார்த்த கறை எஞ்சின் ஆயில்.

பிரஷர் ஏறியதற்குக் காரணம் முன்னால் உள்ள மின்விசிறியின் ஒயரை மாற்றிக் கொடுத்திருந்ததுதான், அது காற்றை உள்ளே இழுக்காமல் வெளியே தள்ளிக்கொண்டிருந்தது. யார் கொடுத்தது என்பதில் இருவருக்கும் கருத்து வேறுபாடு உண்டு. சரிசெய்ததும் பிரஷர் மீட்டரின் முள் இறங்கியது. இப்போது ஏசி போடும் குளிருக்கு உன் அம்மா காரில் சால்வையோடு உட்கார்ந்து ஜன்னலை இறக்கச் சொல்கிறாள்.

இத்தோடு முடித்திருந்தால் கடிதம் சுத்தமாக இருந்திருக்கும், நீயும் நம்பியிருப்பாய். ஆனால் ஒன்று விடாமல் என்று கேட்டாய். வெறும் வாய்வார்த்தை போதாது என்று உன் அம்மா இன்று காலை டாக்டரிடம் கூட்டிப்போனாள். ஈசிஜி சுத்தமாக இருக்கிறது, அதையும் இந்தக் கடிதத்தோடு போட்டோ எடுத்து அனுப்புகிறேன். ரத்த அழுத்தம் நூற்றறுபது. டாக்டர் "எவ்வளவு நாளா சார்?" என்று கேட்டார், அம்மா என் முகத்தைப் பார்த்தாள், பொய் வாய் வரை வந்துவிட்டுத் திரும்பிப் போனது. மாத்திரைச் சீட்டு ஆறு மாதமாக என் மேசை இழுப்பறையில் கிடந்தது. காரின் பிரஷருக்கு ஆள் வைத்தவன் என்னுடையதற்கு நல்ல நாள் பார்த்துக்கொண்டிருந்தேன். அதிலிருந்து அத்தையைக் கையில் பிடிக்க முடியவில்லை, "நான் சொன்னப்ப எல்லாரும் சிரிச்சாங்க" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறாள். இன்று மாத்திரை தொடங்கியாயிற்று. என்னிடம் மறைப்பதற்கு இனி ஒன்றும் மிச்சமில்லை, இது எனக்கே புது அனுபவமாக இருக்கிறது.

நீ நினைத்தது நினைத்தபடி நடக்கட்டும், நோய்நொடி இல்லாமல் இரு. அங்கே குளிரில் காதை மூடிக்கொண்டு போ, காலையில் வெறும் வயிற்றோடு ஓடாதே. டிக்கெட்டை இன்றைக்கே ரத்து செய். பயிற்சி முடிந்து லீவில் வா, சால்வையோடு அழைக்க வருகிறேன்.

உன் அன்பு
அப்பா

படிச்சுப் பாத்தேன். ஆறு மாசம் இல்லை, எட்டு. சீட்டுல தேதி இருக்கு. மத்ததெல்லாம் சரி. நீ கிளம்பி வர வேண்டாம், நான் பாத்துக்கறேன்.
அம்மா