பதினான்கு தையல்

செப்டம்பர் 8, ஞாயிறு

மில் சாலை இறக்கத்தில் எங்கள் இரட்டைச் சைக்கிளின் முன் டயர் கிழிந்தது. பால் லாரிகள் திரும்புமே, அந்த வளைவுக்குச் சற்று முன்னால். நேற்றைய மழை சரளையை ரோட்டில் இறக்கிவிட்டிருந்தது. அதில் கூராக ஒரு கல். டயரின் பக்கவாட்டில் கட்டைவிரல் நகம் நீளத்துக்கு வெட்டு.

ஒரு டாலர் நோட்டை நாலாக மடித்து வெட்டுக்கு உள்பக்கம் வைத்தேன். வேறு டியூப் போட்டு மெதுவாக ஓட்டி வந்தோம். இங்கே சைக்கிள்காரர்கள் எல்லோரும் செய்வதுதான். பின் சீட்டிலிருந்து கோரின் சொன்னாள்: "டாலர் இப்ப இதுக்காவது உதவுதே."

வீடு நெருங்கும்போதுதான் கேட்டாள்: "அக்கா, நீ கல்லுன்னு சொல்லலையே?"

இரட்டைச் சைக்கிளில் முன்னால் இருப்பவள்தான் கண். என் தங்கைக்குப் பார்வை போய் ஒன்பது வருடம். குழி, மேடு, சரளை, குதிரைச் சாணம், கண்ணில் படுவதை எல்லாம் நான் கத்துவேன். அவள் உடம்பை அதற்கேற்ப வைத்துக்கொள்வாள். இதுவரை நான் ஒன்றையும் விட்டதில்லை.

கல் நிழலில் கிடந்தது, அதைத்தான் அவளிடமும் சொன்னேன். யாருக்குத்தான் தெரிந்திருக்கும்?

செப்டம்பர் 9, திங்கள்

வரும் ஞாயிறு வட்டாரச் சைக்கிள்காரர்கள் சேர்ந்து போகும் பள்ளத்தாக்குச் சவாரி. அறுபது மைல். கடைசியில் பிளட்சர் மேட்டு இறக்கம். மணிக்கு நாற்பது மைல் வேகம் வரும். அங்கே முன் டயர் வெடித்தால் — ஒரு சைக்கிள், இரண்டு பேர். எழுதிவிட்டேன், போதும்.

தபாலில் புது டயர் சவாரி முடிந்த பிறகுதான் வரும். எங்கள் பழைய சக்கரத்தின் அளவுக்கு டயர் வைத்திருப்பவன் இந்த வட்டாரத்தில் ஹார்லன் ஒருவன்தான். அவன் கடை வாசலை நான் மிதித்துப் பதினோரு வருடம் ஆகிறது. அன்று நான் தைத்த டயரை ஆறு பேர் முன்னால் தூக்கிக் காட்டினான். "தலையணை உறை தைக்கிற கடை அடுத்த தெருவுல இருக்கும்மா" என்றான். ஆறு பேரும் சிரித்தார்கள். அந்த டயர் அதற்குப் பிறகு எழுநூறு மைல் ஓடியது. அதைப் பார்க்க ஒருவனும் வரவில்லை.

தைக்கத்தான் போகிறேன். நூலகப் புத்தகம் ஒன்றை வைத்துக்கொண்டு இந்த வேலையை நானே கற்றேன். யார் முன்னாலும் கைகட்டி நின்றதில்லை.

செப்டம்பர் 10, செவ்வாய்

பதினான்கு தையல். பல் இடுக்கைச் சுத்தம் செய்யும் நூலால். உள்பக்கம் பழைய டயரிலிருந்து வெட்டிய துண்டை ஒட்டியாயிற்று. ஊசி கோக்க மட்டும் இருபது நிமிடம். மட்டமான ஊசி.

செப்டம்பர் 11, புதன்

நேற்றே முழுக் காற்று அடித்து, வெட்டைச் சுற்றிச் சாக்பீஸில் கோடு போட்டு வைத்திருந்தேன். கோடு அசையவில்லை. வீக்கம் இல்லை.

"டயர் என்னாச்சு?" என்றாள் கோரின்.

"புதுசு மாதிரி இருக்கு."

"புதுசா, புதுசு மாதிரியா?"

"காபி ஆறுது, குடி."

நான் பொய் சொல்லவில்லை.

செப்டம்பர் 12, வியாழன்

இன்று சோதித்துவிட்டேன். கடினத் தண்ணீரை மென்மையாக்கப் போடும் உப்பு மூன்று மூட்டை, கோரினின் எடைக்குக் கொஞ்சம்தான் குறைவு. அவள் இடத்தில் அவற்றை இறுகக் கட்டி, பிளட்சர் மேட்டிலிருந்து இறங்கினேன். நாற்பத்தொரு மைல் வேகம். பற்களைக் கடித்துக்கொண்டே இருந்தேன். அடிவாரத்தில் டயரைத் தொட்டால் சூடு, அவ்வளவுதான். தாங்கியது!

வீட்டுக்கு வந்த வேகத்தில் கோரினிடம் சொன்னேன். அவள் முகம் மாறியது.

"தைச்ச டயரா அது?"

"ஆமா. தாங்குச்சுன்னு சொல்றேன்ல."

"அந்த உப்புகிட்ட சொன்னியா, தைச்ச டயருன்னு?"

"என்ன பேச்சு இது?"

"என்கிட்டயும் சொல்லலை. அதான் கேக்கறேன், உப்புக்கும் எனக்கும் என்னக்கா வித்தியாசம்?"

அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

எழுபத்தோரு வயசுல மூணு மூட்டை உப்போட மலையிலேர்ந்து எறங்கியிருக்கேன். யாருக்காக? எனக்காகவா? ஒருத்தியாவது ஒரு நல்ல வார்த்தை —

செப்டம்பர் 13, வெள்ளி

மாலைவரை அவள் கதவு திறக்கவில்லை. பிறகு சுவரைத் தடவிக்கொண்டே வண்டிக் கொட்டகைக்கு வந்தாள். "அந்த டயரைக் கழட்டிக் குடு."

கொடுத்தேன். உள்ளே கட்டைவிரலை விட்டு அங்குலம் அங்குலமாக நகர்த்தினாள். ஒட்டுத்துண்டு வந்ததும் விரலை வெளிப்பக்கம் எடுத்துத் தையலை எண்ணினாள். "பதினாலு. நல்லா போட்டிருக்க. இது விடாது."

அதைத்தானே நான் சொன்னேன்! வாயைத் திறப்பதற்குள் அவள் விரல் மறுபடி உள்ளே புகுந்து மேலே நகர்ந்தது. ஒரு சாண் தள்ளி நின்றது.

"அக்கா, இது என்ன?"

"எது?"

"இங்க. உள்நூல் பிஞ்சு தொங்குது. அமுக்கினா மெத்துன்னு போகுது."

வாங்கி விளக்கடியில் பிடித்தேன். ஒன்றும் இல்லை. என் விரலை அங்கே வைத்தாள். இருந்தது. அதே கல் இழுத்துக்கொண்டு போன கீறல்.

"கண்ணாடியைத் தொடச்சுட்டுப் பாரு."

துடைத்தேன். அப்போதும் தெரியவில்லை.

மூன்று நாள் விளக்கு வைத்துப் பார்த்த டயர். நான் கோடு போட்டது வெட்டைச் சுற்றி மட்டும். இந்த டயரில்தான் நேற்று நாற்பத்தொரு மைல் வேகம்.

"அந்தக் கல்லு நிழல்லதான் கெடந்துதாக்கா?" என்றாள், மெதுவாக.

அதற்கான பதிலை இங்கே எழுதப்போவதில்லை.

செப்டம்பர் 14, சனி

ஹார்லன் கடை. கோரினும் வந்தாள். நடந்தே போனோம். நான் காரை எடுக்கவில்லை. ஏன் என்று அவள் கேட்கவில்லை.

"அடடே, மார்லிஸம்மா! எங்க கடைக்கு வழி மறந்துடுச்சுன்னு நெனச்சேன்."

"வழி மறக்கலை. நீ பேசினதும் மறக்கலை."

"நான் என்ன பேசினேன்?"

அவனுக்கு நிஜமாகவே ஞாபகம் இல்லை. தலையணை உறையும் இல்லை, ஆறு பேரும் இல்லை. பதினோரு வருடம் நான் ஒருத்தியே அதைத் தூக்கிச் சுமந்திருக்கிறேன். கேலியைவிட இதுதான் எரிகிறது.

கொண்டுபோன டயரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "தையல் பிரமாதம். டயர்தான் செத்துப்போச்சு."

புது டயர் வாங்கினேன். மன்னிக்கவில்லை.

செப்டம்பர் 15, ஞாயிறு

கிளம்புமுன் இரண்டு டயரையும் கோரின் விரலால் சுற்றிப் பார்த்தாள். இனி அது அவள் வேலை.

ஐம்பத்தெட்டு மைல் நன்றாகவே போயிற்று. நிழல் வந்த இடத்தில் எல்லாம் பிரேக்கைப் பிடித்தேன். பிளட்சர் மேட்டு உச்சியில் நிறுத்தினேன். இறக்கம் முழுக்க மரநிழல். அன்றைக்கு உப்போடு எப்படித்தான் இறங்கினேனோ.

"நெழல்ல இருக்கறது எனக்குத் தெரிய மாட்டேங்குது" என்றேன். "வசந்தத்துலேர்ந்தே."

"தெரியும். இந்த மாசத்துல மட்டும் நாலு குழி சொல்லாம விட்டே."

"பின்ன ஏன்டி வாயைத் தொறக்கலை?"

"நீயா சொல்லுவேன்னு பாத்தேன்."

சைக்கிளை நடுவில் வைத்துத் தள்ளிக்கொண்டு இறங்கினோம். ஒரு கூட்டம் எங்களைத் தாண்டிப் பறந்தது. "என்ன, பஞ்சரா?" என்று ஒருவன் கத்தினான்.

"இல்ல, வயசு!" என்று திருப்பிக் கத்தினாள் கோரின்.

"ஒனக்குத்தான் வயசு" என்றேன்.

செப்டம்பர் 16, திங்கள்

தைத்த டயரைக் கொட்டகை ஆணியில் மாட்டியிருக்கிறேன். அது அங்கேயே இருக்கும்.

வியாழன் பத்தரை மணிக்குக் கண் டாக்டர். முதியோர் வேனில் போகவேண்டுமாம்; அந்தப் பெயரை எவன் வைத்தானோ. கோரினும் வருகிறாள். ஒன்பது வருடத்துக்கு முன் அவளை நான் கூட்டிப்போன அதே இடம்.

"வாசல்ல நாலு படி, நாலாவது ஒசரம். கவலைப்படாத, நான் சொல்றேன்" என்கிறாள்.