தையல் விட்ட வார்

மாசி 10, ஞாயிறு.

இன்று எங்கள் குதிரையேற்றக் கிளப் நடத்திய தடைதாண்டும் போட்டியில் செல்வி விழுந்துவிட்டாள். இடது கை முறிந்திருக்கிறது. பக்கத்தில் பெருநகர் கிராமத்திலிருந்து வரும் நர்ஸ் அவள். இரண்டு வருடமாக நான்தான் அவளுக்குக் கற்றுக்கொடுக்கிறேன்.

சேணத்தைக் குதிரையின் வயிற்றோடு இறுக்கும் வாரில் தையல் விட்டிருந்ததைக் காலையிலேயே பார்த்தேன். வேறு வார் உத்திரமேரூரில் என் வீட்டில் இருந்தது. போய்வர அரை மணி ஆகும். கூட்டம் வெயிலில் காத்திருந்தது. ஒரு சுற்றுதானே, தாங்கும் என்று விட்டுவிட்டேன். மூன்றாவது தடையைத் தாண்டும்போது வார் அறுந்து, சேணத்தோடு சரிந்தாள்.

ஆஸ்பத்திரியில் கட்டுப் போடும்போது அவள்தான் எனக்குத் தைரியம் சொன்னாள். "வார் அறுந்தா நீ இன்னாண்ணா பண்ணுவ? வூட்டுக்குப் போய் சாப்புடு." காரில் தூக்கிக்கொண்டு ஓடியதற்காக அவள் வீட்டுக்காரர் என் கையைப் பிடித்து நன்றி சொன்னார். நானும் பேசாமல் வாங்கிக்கொண்டேன்.

பொறுக்க முடியாமல் சாயங்காலம் போன் செய்தேன்.

"தையல் விட்டுக்கீதுன்னு எனக்குக் காலையிலயே தெரியும், செல்வி."



"என்னாண்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் ஏறியே இருக்க மாட்டேனேண்ணா."

கோபமே இல்லாமல் சொன்னாள். திட்டியிருந்தாலாவது தூங்கியிருப்பேன்.