உதட்டுச் சுழிப்பு என்று நினைத்தேன்

நேற்றுச் சாயங்காலம் என் மகள் தமிழ்ப் பாடப் புத்தகத்தோடு வந்தாள். "அப்பா, 'உதட்டைச் சுழித்தான்'னா க்யா?" இந்த வடநாட்டு ஊரில் புசா ரோடு பள்ளியில் தமிழ் படித்தும் பாதிக் கேள்வி இந்தியில்தான்.

"முகத்தைச் சுளிச்சா பிடிக்கலைன்னு அர்த்தம். உதட்டைச் சுழிச்சா இளக்காரம். நீயெல்லாம் ஒரு ஆளாங்கற மாதிரி" என்று சொல்லி, வாயை ஒரு பக்கமாகக் கோணிக் காட்டினேன். "அச்சா அச்சா" என்று சிரித்துக்கொண்டே ஓடிவிட்டாள். நான் கண்ணாடி முன்னால் போய் இன்னொரு முறை கோணிப் பார்த்தேன். நான் காட்டியது உன் முகமடா.

கல்யாணத்துக்கு முன்னால் முனிர்காவில் எட்டு வருஷம் ஒரே அறையில் கிடந்தோம். என் இந்தியையும் என் சாம்பாரையும் நீ கிண்டலடிக்காத நாள் உண்டா? அந்தப் பழக்கத்தில்தான் அன்றைக்கும் அப்படி நினைத்தேன். கோல் மார்க்கெட் டீக்கடை வாசலில் உன் கையில் ஒரு லட்டை வைத்து, "புரமோஷன் வந்துடுச்சுடா!" என்றேன். அதே பரீட்சையை நீயும் எழுதியிருந்தாய், உனக்கு வரவில்லை. உன் உதடு ஒரு பக்கமாகச் சுழித்துக்கொண்டது. என்னவோ குழறினாய், என்னைப் பழிப்புக் காட்டுவது போல. லட்டைக் கீழே போட்டாய்.

"வயித்தெரிச்சலாடா உனக்கு? நல்லா இரு!" என்று கத்திவிட்டு ஆட்டோவில் ஏறினேன். பாவி நான், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஒரு மணி நேரம் கழித்து நீ பெஞ்சிலிருந்து சரிந்த பிறகுதான் டீக்கடைக்காரர் உன்னை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார். பக்கவாதம். வாய் கோணும், நாக்குக் குழறும், கையில் பிடி இருக்காது, தூக்கச் சொன்னால் மேலே போகாது என்றார் டாக்டர். உடனே கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பாயாம். மூன்றாம் நாள் போய்விட்டாய்.

"கடைசியா நீங்கதானே அண்ணா கூட இருந்தீங்க, என்ன சொன்னார்?" என்று கேட்டாள் உன் மனைவி.

"ரொம்ப சந்தோஷப்பட்டான்மா" என்றேன்.

இப்போதெல்லாம் ஆபீசில் யாராவது என்னைப் பார்த்து உதட்டைச் சுழித்தால் கோபம் வருவதில்லை. இரண்டு கையையும் தூக்கிக் காட்டச் சொல்லிக் கெஞ்சுகிறேன். இவனுக்கு மரை கழன்றுவிட்டது என்கிறார்கள். கையைத் தூக்கி என்னைத் திட்டினால், அப்பாடா, வெறும் இளக்காரம்தான் என்று மூச்சு வருகிறது. உன்னுடையதும் அதுவாகவே இருந்திருக்கக் கூடாதாடா?