சியானுக்கு ஒரே ஒரு டிக்கெட்

முழங்கையில் மருந்து எரிகிறது. காலையில் சைக்கிளிலிருந்து விழுந்தேன். பஞ்சில் தொட்டுப் பூசியதும் அதன் வாடை மூக்கில் ஏறியது. கூடவே நீயும் வந்துவிட்டாய். காய் நறுக்கும்போது விரலை வெட்டிக்கொண்டால் இதே மருந்தைத் தடவி, "ஒண்ணும் இல்லக்கா" என்று மறுபடி தோசைக்கல்லின் முன்னால் போய் நிற்பாய்.

ரிட்டயர் ஆனவளுக்கு எதற்குச் சைக்கிள் என்று தெருவே கேட்கிறது. உனக்கு மட்டும்தான் நான் சொல்ல வேண்டியதில்லை.

மைன்ஸ் கேன்டீனில் நான் டோக்கன் கொடுப்பவள், பர்மனென்ட். நீ காண்ட்ராக்டில் தோசை ஊற்றுபவள். ஒரு மதியம், ஷிப்ட் கூட்டம் சாப்பிட்டுப் போன பிறகு, டி.வி.யில் சீனாவின் சியான் நகரத்தைக் காட்டினார்கள். அந்த ஊருக்குப் பக்கத்தில் விவசாயிகள் கிணறு வெட்டப் போய், மண்ணுக்குள் புதைந்திருந்த களிமண் சிப்பாய்களைக் கண்ட கதை. தோண்டத் தோண்ட வரிசை வரிசையாக ஆயிரக்கணக்கில் வந்தார்களாம். நீ கரண்டியோடு வந்து நின்றாய்.

"நம்ம பக்கம் கெணறு வெட்டுனா கரி. இவங்களுக்குப் பட்டாளமே கெடச்சிருக்குது பாருங்கக்கா" என்று சிரித்தாய். சிரிப்பு அடங்கியதும் கேட்டாய்: "அந்தக் கொல்லை யாருதாம்? அவங்கல்லாம் இப்ப எங்க குடியிருக்கிறாங்களாம்?"

டி.வி. அதைச் சொல்லவில்லை. கம்மாபுரம் பக்கம் உங்கள் நிலம் சுரங்கத்துக்குப் போனதும், நீங்கள் வீடு மாறியதும் எனக்குத் தெரியும். அதனால் டி.வி.யை அணைக்கப் போனேன். நீ விடவில்லை.

"போயி கேட்டுட்டு வரலாமாக்கா?"

நான் சிரித்தேன். நீ சிரிக்கவில்லை. மறுவாரமே பாஸ்போர்ட்டுக்கு என்னென்ன தாள் வேண்டும் என்று விசாரித்துக்கொண்டு வந்துவிட்டாய்.

அதற்குப் பிறகு பாத்திரம் கழுவும் நேரமெல்லாம் சியான்தான். முதல் நாள் களிமண் பட்டாளம். இரண்டாம் நாள் ஊரைச் சுற்றியிருக்கும் பழைய மதில். அதன்மேல் சைக்கிள் வாடகைக்குக் கிடைக்கும், நகரத்தையே சுற்றி வரலாம் என்று என் மகள் போனில் பார்த்துச் சொன்னாள். எனக்குத்தான் ஓட்டத் தெரியாதே என்றேன்.

"உங்கள பின்னால வச்சி நான் மிதிக்கிறேன். தெனம் மைன்ஸ் கேட்டுலேர்ந்து பஸ் ஸ்டாண்டு வரைக்கும் மிதிச்சிக்கினுதானே இருக்கேன்?"

சாப்பாட்டுக்கும் உன்னிடம் பதில் இருந்தது. ரெண்டு நாளைக்குப் புளிச்சோறு. மூன்றாம் நாள் அவர்கள் என்ன கொடுத்தாலும் தின்பது.

உன் பாஸ்போர்ட் வந்த இரண்டாம் மாதம், வயிற்றில் கட்டி என்றார்கள். புதுச்சேரி ஆஸ்பத்திரியில் கடைசியாக உன்னைப் பார்த்தபோது என் கையைப் பிடித்துக்கொண்டாய். "சைக்கிள் கத்துக்கோங்கக்கா" என்றாய்.

"நீ எழுந்து வா. நீதானே மிதிக்கணும்" என்றேன்.

நீ சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாய். நீ சொன்னது எனக்குப் புரிந்தது. புரியாததுபோல நடித்தேன். உன்னோடு உட்கார்ந்து அழ வேண்டிய நேரத்தில் உனக்குத் தைரியம் சொல்லிக்கொண்டிருந்தேன். அது இன்றைக்கும் உறுத்துகிறது.

நீ போன பிறகு ஒரு வருடம் சியான் என்ற பெயரையே எடுக்கவில்லை. வருட நினைவுக்கு உங்கள் வீட்டுக்குப் போனபோது உன் வீட்டுக்காரர் உன் பாஸ்போர்ட்டை எடுத்து வந்தார். "ஒரு சீலுகூட வுழல பாருங்கம்மா" என்று வெற்றுப் பக்கங்களைப் புரட்டிக்கொண்டே இருந்தார். என்னால் அங்கே உட்கார முடியவில்லை. வாசலில் நின்ற உன் சைக்கிளைக் கேட்டேன். மறுபேச்சில்லாமல் ஆட்டோவில் ஏற்றிக் கட்டிவிட்டார்.

சியானுக்குத் தனியாகப் போகிறேன் என்றதும் மகள்தான் சண்டை போட்டாள். "பாஷை தெரியாத ஊர்ல தனியாப் போய் விழுந்து வச்சா யாரும்மா பாக்கிறது?"

"இங்கேயும் தினம் விழறேன். நானேதான் எழுந்துக்கறேன்."

இப்போது தெருக்கோடி வரை தடுமாறாமல் போகிறேன். திரும்பும் இடத்தில்தான் ஹேண்டில் இன்னும் சொன்னபடி கேட்பதில்லை. ஐப்பசியில் பயணம், அதற்குள் சரியாகிவிடும். அந்த நிலத்துக்காரர்கள் இப்போது எங்கே குடியிருக்கிறார்கள் என்ற உன் கேள்வியை, போனில் பார்த்துச் சீன எழுத்தில் ஒரு அட்டையில் எழுதி வைத்துக்கொண்டேன். பதில் தெரிந்த ஒருவர் கிடைக்கும்வரை நீட்டிக்கொண்டே இருப்பேன்.

நேற்று டிராவல்ஸில் கேட்டார்கள், "கூட யார் வர்றாங்க?"

"யாரும் இல்ல. ஒரே டிக்கெட்."

அப்பாவிடம், கணவரிடம், பிறகு மகளிடம் என்று வாழ்நாள் முழுக்கக் கேட்டுக் கேட்டே ஒவ்வொரு அடியும் வைத்தவள் நான். நீ யாரையும் கேட்டதில்லை. செய்யப்போவதைச் சொல்வாய், சொல்லி முடிப்பதற்குள் செருப்பை மாட்டியிருப்பாய். உன்னிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அதுதான். நேற்று டிக்கெட்டை வாங்கிப் பையில் வைத்த பிறகுதான் மகளுக்குப் போன் செய்தேன்.