பதினொரு முறை ‘பார்த்துச் செய்யுங்க’

அன்பு மகளுக்கு அப்பா எழுதிக்கொள்வது. நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறீர்கள்தானே? இங்கே எனக்கு ஒரு குறையும் இல்லை, உன் அம்மாவுக்கு முட்டியைத் தவிர மற்றதெல்லாம் சுகம், வாய் முன்பைவிடச் சுகம். குட்டிக்கு முன்பல் விழுந்த போட்டோவை வருகிறவர்களுக்கெல்லாம் காட்டிக்கொண்டிருக்கிறாள், வருகிறவர்கள் என்றால் யார், பால் போடுகிறவரும் சிலிண்டர் தூக்கி வருகிறவரும்தான், மூன்று மாடி ஏறி வேறு யார் வரப்போகிறார்கள். போன் இருக்கும்போது அப்பா ஏன் காகிதத்தில் எழுதுகிறார் என்று நினைப்பாய். இந்த வீட்டில் எந்த மூலையில் நின்று பேசினாலும் அம்மா காதில் விழுகிறது. அதோடு, உள்ளே ஒரு தாள் வைத்திருக்கிறேன், அதில் உன் கையெழுத்து மையில் வேண்டும். அதை இப்போது பிரிக்காதே, முதலில் இதைப் படி.

புது வீடு முடிந்துவிட்டது. பெயின்ட் அடித்து, விளக்கு மாட்டி, குழாயில் தண்ணீரும் வந்தாகிவிட்டது. சாவி மட்டும் வரவில்லை. சாவி நம் கட்டடக்காரரிடம் இருக்கிறது, அம்மா அவருக்குப் பல்லழகர் என்று பெயர் வைத்திருக்கிறாளே, எப்போது பார்த்தாலும் முப்பத்திரண்டும் தெரிய அப்பா அப்பா என்று கூப்பிடுவாரே, அவரேதான். போன மாதம் கடைசித் தவணையைக் கொடுத்துவிட்டுச் சாவிக்குக் கையை நீட்டினேன், அவர் என் கையில் ஒரு பில்லை வைத்தார். கூடுதல் வேலை என்று தலைப்பு, கீழே பதிமூன்று வரி, கூட்டினால் என்னுடைய ஏழு மாதப் பென்ஷன். எனக்கு வந்த கோபத்துக்கு, யாரைக் கேட்டுச் செய்தீர்கள் என்று தெரு வரைக்கும் கேட்கிற மாதிரி கத்திவிட்டேன். அவர் சிரிப்புக் குறையாமல் மேஸ்திரியின் நோட்டை வரவழைத்தார். அதில் தேதி, மணி எல்லாம் போட்டு, கதவு அகலம் பற்றிக் கேட்டோம், ஓனர் பார்த்துச் செய்யச் சொன்னார். குளியலறைக்கு வழுக்காத கல் பற்றிக் கேட்டோம், ஓனர் பார்த்துச் செய்யச் சொன்னார். இப்படியே பதினொரு இடத்தில் எழுதியிருக்கிறது. நீங்க சொன்னதுதானப்பா, நான் ஒண்ணும் இட்டுக்கட்டல, உங்க பிள்ளை மாதிரி நான், என்கிறார்.

சொன்னேன்தான், இல்லை என்று எப்படிச் சொல்வேன். அந்த வார்த்தை என் வாயில் எப்படி வரும் என்று உனக்குத் தெரியும். தையல்காரர் கேட்டாலும் பார்த்துச் செய்யுங்க, முடிவெட்டுகிறவர் கேட்டாலும் பார்த்துச் செய்யுங்க, உன் கல்யாணத்துக்குப் பந்தல் போட்டவரிடமும் அதைத்தான் சொன்னேன். நீ நல்லவன், என்னை ஏமாற்றமாட்டாய், விலையில் கொஞ்சம் இரக்கம் காட்டு என்பதை எல்லாம் சேர்த்து ஒரே மூச்சில் சொல்வதுதானே அது? பல்லழகரின் அகராதியில் அதற்கு, செய், பணம் தருகிறேன் என்று அர்த்தமாம். முப்பத்தொரு வருஷம் தொழிற்சாலை ஸ்டோரில் சீட்டு இல்லாமல் ஒரு நட்டைக்கூட வெளியே விடாதவன், சொந்த வீட்டு விஷயத்தில் வாயாலேயே பதினொரு சீட்டுக் கிழித்துக் கொடுத்திருக்கிறேன். அம்மா என்னைத் திட்டவில்லை. இவருக்கு யாருகிட்டயும் விலை கேக்க வெக்கம், கல்யாணத்தன்னிக்கே தெரிஞ்சுபோச்சு என்று பால்காரரிடம் சொல்லிச் சிரித்தாள். திட்டியிருந்தால் தேவலை.

உன் மாமாவைக் கூப்பிட்டு ஒப்பந்தத்தைப் படிக்கச் சொன்னேன். அவன் இரண்டு நாள் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் படித்தான். உரிமையாளர் வாய்மொழியாகக் கேட்டாலும் கூடுதல் வேலைக்குத் தனிக் கட்டணம் என்று ஆறாம் பக்கத்தில் ஒரு வரி இருக்கிறது, நீயும் நானும் அதன் கீழேயே கையெழுத்துப் போட்டிருக்கிறோம். சரி, அம்மாவின் நடைவண்டி நுழைய அகலமாக்கிய கதவும் வழுக்காத கல்லும் வாசலில் போட்ட சரிவும் நமக்கு வேண்டியவை, அவற்றுக்குக் கொடுப்பதுதான் நியாயம், நான் தகராறு செய்யவில்லை. ஆனால் அவர்கள் போட்ட குப்பையை அவர்களே அள்ளியதற்கு ஒரு தொகையாம், இந்தக் கூடுதல் வேலைகளை மேற்பார்த்ததற்கு இன்னொரு தொகையாம், கேட்டுக்கொண்டிருக்க முடிகிறதா? மாமா ஒவ்வொரு வரிக்கும் சாமான் பில் எங்கே, கூலி எவ்வளவு என்று கேட்டு எழுதிக் கொடுத்தான், பல்லழகரின் ஆபீசுக்கு நான்கு முறை நடந்தோம், கடைசியில் குப்பையையும் மேற்பார்வையையும் அடித்துவிட்டார். பணம் அவ்வளவு குறைந்தது உண்மை. ஜெயித்துவிட்டோம் என்று நினைத்துப் படியிறங்கும்போது கூப்பிட்டு இந்தத் தாளை நீட்டினார்.

தாளில் இருப்பது இதுதான். கணக்கு முடிந்தது, வீட்டில் எந்தக் குறையும் இல்லை, இனிமேல் எதையும் கேட்கமாட்டோம். உரிமையாளர் இரண்டு பேரும், அதாவது நீயும் நானும், கையெழுத்துப் போட்டால் அன்றைக்கே சாவி. குறை இல்லையாம்! பின்பக்க அறையில் சுவர் இடுப்பு உயரத்துக்கு ஈரமாக இருக்கிறது, கை வைத்தால் சுண்ணாம்பு ஒட்டிக்கொண்டு வருகிறது. அதைச் சரிசெய்து கொடுங்கள், பிறகு போடுகிறோம் என்றேன். முதல்ல போடுங்கப்பா, நான் எங்க ஓடிப்போகப் போறேன் என்கிறார். மாமா ஆபீஸ் வாசல் என்றும் பார்க்காமல், அத்தான், போட்டீங்கன்னா சுவரே இடிஞ்சு விழுந்தாலும் வாயைத் திறக்க முடியாது, கேஸ் போடலாம், ஜெயிப்போம் என்று குதித்தான். எவ்வளவு நாளாகும் என்று கேட்டேன். நாலு வருஷம், அஞ்சு வருஷம் என்று குரலை இறக்கினான். இங்கேயோ வீட்டுக்காரம்மா வேறு ஒரு குடும்பத்திடம் முன்பணம் வாங்கியாயிற்று, மாதக் கடைசியில் நாம் காலிசெய்ய வேண்டும். சாமானெல்லாம் பெட்டிக்குள், கரண்டி தேட நாலு பெட்டி பிரிக்கிறேன். அந்த வீட்டுக்குள் போகவும் முடியாது, இந்த வீட்டில் இருக்கவும் முடியாது, நடுவில் விழி பிதுங்கி நிற்கிறேன்.

கையெழுத்துப் போடவே கூடாது என்றுதான் மூன்று வாரமாக வீம்பாக இருந்தேன். உனக்குப் போன் செய்து அந்த ஆள் பேசினாலும் பிடிகொடுக்காதே என்று எழுதத்தான் போன வாரம் இந்தக் காகிதத்தையே வாங்கினேன். செவ்வாய்க்கிழமை மருத்துவமனையிலிருந்து நர்ஸ் பெண் போன் செய்தது. அம்மா ஏன் ரெண்டு தடவையா செக்கப்புக்கு வரல என்று கேட்டது. டாக்டர் ஊரில் இல்லை, தள்ளிப்போட்டிருக்கிறார்கள் என்று என்னிடம் சொல்லியிருந்தாள் உன் அம்மா. அவளை எப்படிக் கீழே இறக்குகிறோம் என்று உன்னிடம் நான் சொல்லவில்லை. கீழ்க்கடையில் மூட்டை தூக்குகிற இரண்டு பேர் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்துத் தூக்கிக்கொண்டு இறங்குவார்கள், மாடிக்கு மாடி கதவைத் திறந்து பார்ப்பார்கள், அவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொள்வாள். முதல் தடவை போகாதபோது கூப்பிட்ட நர்ஸிடம், வலி போயிடுச்சும்மா, இனி நான் வரவேண்டியதில்ல என்று சொல்லியிருக்கிறாள். நான் போய்க் கேட்டதும், படியில்லாத புது வீட்டுக்குப் போனதும் நானே நடந்து போயிக்கிறேங்க, அதுவரைக்கும் அந்த நாற்காலி வேண்டாம் என்றாள். வலியை வைத்துக்கொண்டு இரண்டு மாதமாக என்னிடம் சிரித்திருக்கிறாள். அவள் அந்த வீட்டுக்காகக் காத்திருக்கிறாள் என்பது தெரியாமல் நான் ஒரு சுவருக்காக நியாயம் பேசிக்கொண்டிருந்தேன். எனக்கு வெட்கமாக இருக்கிறதம்மா.

அதனால் போட்டுவிடு. மாமா சொல்வது சரி, எனக்கும் தெரியும், ஆனாலும் போட்டுவிடு. பணத்துக்கு என் டெபாசிட்டை எடுத்துவிட்டேன், நீ ஒன்றும் அனுப்பாதே, வங்கிக் கடனுக்கே உன் சம்பளத்தில் பாதி போகிறது. ஈரச் சுவரை எப்படிச் சரிசெய்வது என்று போகப்போகப் பார்த்துக்கொள்வோம், அந்த அறையில் பெட்டிகளை வைத்தால் போயிற்று. மாப்பிள்ளையிடம் நீயே பக்குவமாகச் சொல், மாமனார் ஏமாந்துவிட்டார் என்று அவர் நினைத்தாலும் பரவாயில்லை. உனக்கு நான் சொல்லிக்கொள்வது ஒன்றுதான், அங்கே யார் என்ன வேலைக்கு வந்தாலும் கூச்சப்படாமல் எவ்வளவு என்று முதலிலேயே கேட்டுவிடு.

நீங்கள் மூவரும் நோய் நொடி இல்லாமல், மனக்கஷ்டம் இல்லாமல், நீண்ட காலம் நன்றாக இருக்க வேண்டும். குட்டிக்கு என் முத்தம். தாளை மடிக்காமல் கெட்டி உறையில் வைத்து அனுப்பு, இருபத்தைந்தாம் தேதிக்குள் என் கைக்கு வரவேண்டும். செக்கப் பற்றி அம்மாவிடம் மூச்சுவிடாதே, எனக்குத் தெரிந்தது உனக்கும் தெரியும் என்றால் தாங்கமாட்டாள். தாளில் முதல் கையெழுத்து என்னுடையது, நேற்றே போட்டுவிட்டேன், கொஞ்சம் கோணலாக விழுந்திருக்கிறது. அதன் கீழே உன் இடம் காலியாக இருக்கிறது.

உன் அப்பா