நான் ஏன் கதவைத் திறக்கவில்லை

அண்ணனுக்கு,

கோயமுத்தூர் டாக்டரிடம் காட்டுவதாகச் சொல்லித்தானே என் மகள் வடிவைக் காரில் அழைத்துப் போனீர்கள்? பேயோட்டுகிறவனிடம் விட்டுக் கட்டிவைத்து அடிக்கச் செய்திருக்கிறீர்கள். பேச்சு வராத பிள்ளை, வெளியே சொல்லமாட்டாள் என்று நினைத்துவிட்டீர்கள். அவள் மணிக்கட்டில் கயிற்றுத் தழும்பு இருக்கிறது அண்ணா.

அன்றிலிருந்து யார் தொட்டாலும் அலறினாள். கட்டிலுக்கு அடியிலேயே கிடந்தாள். இப்போது பார்க்கிற டாக்டரம்மா, "புடிவாதமில்லீங்க, பயமுங்க. தொடாம பக்கத்துல உக்காருங்க, அவளா வருவா" என்றார். பனியன் கம்பெனி வேலையை விட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்தே இருந்தேன்.

நேற்று அவளாகவே வந்து என் மடியில் தலை வைத்தாள். அப்போதுதான் உங்கள் கார் வந்தது. "கதவத் தொற கண்ணு" என்றீர்கள். அந்தக் குரல் கேட்டதும் மறுபடி கட்டிலடிக்கு ஓடிவிட்டாள்.

அவள் திரும்ப வருவாள், நான் காத்திருப்பேன். நீங்கள் வரவேண்டாம்.

இப்படிக்கு,
உங்களை நம்பி அவளை அனுப்பிய தங்கை